படகில் சொல்லக் கூடாத வார்த்தை

எங்கள் படகில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தைகள் அங்கே தாராளமாகப் புழங்கின. தினமும் அக்கரை ஆலைக்கு வேலைக்குப் போகும் வெல்டர் ஒருவரே போதும், புதிதுபுதிதாக இறக்குமதி செய்வார். தடை விழுந்திருந்தது 'சரி' என்ற வார்த்தைக்கு.

அதற்குக் காரணம் என் அப்பா. அப்பா தையல்காரர். அம்மாதான் படகு ஓட்டுவாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆலையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும். காலையில் ஆட்களை அக்கரையில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது அம்மாவின் வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நாள் ஒத்தாசைக்கு ஆள் இல்லையென்று அப்பாவைத் துறைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். "கயிறை அவுத்துருங்க" என்றாள். அப்பா "சரி" என்றார். அம்மா என்ஜினை முடுக்கினாள்.

அப்பா சொன்ன 'சரி'க்கு அர்த்தம், காதில் விழுந்தது என்பது. அம்மா எடுத்துக்கொண்ட அர்த்தம், அவிழ்த்தாகிவிட்டது என்பது. படகு கயிற்றின் நீளம்வரை வேகமாகப் போனது, பிறகு துறையின் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அப்பா கம்பத்தோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் துறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் பாட்டுக்கு ஊசியும் நூலுமா இருந்துக்கறேன், ஆளை விடு" என்று சொல்லிவிட்டார். மறுநாளே அம்மா சட்டம் போட்டாள். படகில் யாரும் 'சரி' சொல்லக் கூடாது. எதைச் செய்யச் சொன்னார்களோ, அதைச் செய்து முடித்துவிட்டு, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அவிழ்த்தாச்சு. கட்டியாச்சு. உக்காந்தாச்சு.

நானும் என் தங்கையும் அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தோம். தங்கைக்கு வீட்டுப் பெயர் வால், குணமும் அதுவேதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் "நாளைக்கு வீட்டுப்பாடத்தோட வரணும்" என்றால், நான் எழுந்து நின்று "நாளைக்கு வீட்டுப்பாடத்தோட வரணும்" என்பேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து டீச்சர் என்னை வெளியே நிறுத்தினார். அம்மா வந்து விளக்கம் சொன்னாள். டீச்சர் கேட்டுவிட்டு "சரி" என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தியதே இல்லை. அவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. எல்லாம் விளையாட்டுத்தான், விளையாட்டில் தோற்றால் பாத்திரம் கழுவ வேண்டும். எங்களுக்கு ரொம்பப் பிடித்தது விரல் விளையாட்டு. படகு போகும்போது ஒரு மஞ்சள் கேனைத் தண்ணீரில் போட்டுவிடுவாள். ஒருத்தி அதை நோக்கி விரலை நீட்ட வேண்டும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும், யார் கூப்பிட்டாலும், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும், கண்ணும் விரலும் கேனை விட்டு நகரக் கூடாது. நான் அதில் கெட்டிக்காரி. ஆனால் வால் என்னையே மிஞ்சிவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே, பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அவள் விரல் ஆடாது. பாத்திரமெல்லாம் என் தலையில் விழுந்தது.

இப்படி ஆற்றில் ஒரு தடவைகூடத் தவறி விழாத என் அம்மா, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டு. படகு ஓட்ட அம்மாவின் தம்பி வந்து சேர்ந்தார்.

மாமா லாரி ஓட்டுகிறவர். அம்மாவோடு அதே ஆற்றில் வளர்ந்தவர், படகும் ஓட்டுவார். ஆனால் ஆள் படு உல்லாசம். ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருந்தார். தூங்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார். வந்த அன்றே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், நான் சொல்றத நல்லா கேட்டுக்கோ."

"அக்கா, பத்துச் சக்கர லாரியே ஓட்டுறேன். இந்தச் சோப்பு டப்பா எனக்கு எம்மாத்திரம்?"

"லாரிக்கு பிரேக் இருக்கு. ஆத்துக்கு எங்கடா இருக்கு பிரேக்? முன்கயிறு இவகிட்டதான் இருக்கும். இவ கேக்குற கேள்விக்கு வாய்தொறந்து பதில் சொன்னாதான் அவுப்பா. புரியுதா?"

"சரி சரி" என்றார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. படகில் இல்லையே, வீட்டில்தானே என்று விட்டுவிட்டேன்.

முன்கயிறு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். படகின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி, துறைக் கம்பத்தைச் சுற்றி, மறுபடி படகுக்குள்ளேயே வந்து முடியும் கயிறு அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவிழ்க்கலாம். அதை அம்மா என் கையில் கொடுத்த நாளில் நான் தரையில் நடக்கவே இல்லை. அந்தக் கயிற்றை நான் விடாமல் படகு கிளம்ப முடியாது. வகுப்பில் வேறு யாரிடம் இப்படி ஒன்று இருந்தது, சொல்லுங்கள்?

கயிற்றை விடுவதற்கு முன்னால் நான் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எல்லாரும் மிதவை ஜாக்கெட் போட்டாச்சா, உட்கார்ந்தாச்சா என்று கேட்டுவிட்டுக் கடைசியாகக் கொடியைப் பற்றிக் கேட்பேன். கொடி என்பது என்ஜினில் மாட்டியிருக்கும் சிவப்புச் சுருள் கயிறு. அதன் மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் இருக்க வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், என்ஜின் அந்த நிமிஷமே நின்றுவிடும். கொடியை மாட்டாமல் விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும், அடியில் சுழலும் விசிறியோடு. அம்மா அதற்கு வைத்த பெயர் தொப்புள்கொடி. எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிக் கூப்பிடுவது மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, தொப்புள்கொடி?" என்று முன்னாலிருந்து கத்துவேன்.

படகே சிரிக்கும். வெல்டர், "பிரசவம் ஆயிருச்சாப்பா?" என்பார். மாமா முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்துவிடும்.

"சரி, சரி, கயிறை விடு."

"சரின்னு சொல்லக் கூடாது மாமா."

"மாட்டியாச்சு, தாயே, மாட்டியாச்சு!"

எனக்கு அது ஏன் முக்கியம் என்றால், 'சரி' என்று சொல்ல எதையும் பார்க்க வேண்டாம். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். 'மாட்டியாச்சு' என்று சொல்லும்போது, பொய் சொல்வதாக இருந்தால்கூட, கண் ஒருமுறை மணிக்கட்டுக்குப் போய்விட்டுத்தான் வரும். பெரியவர்களை நாள்கணக்காகக் கவனித்து நானே கண்டுபிடித்தது இது. அம்மாவிடம் சொன்னபோது, "அட, ஆமாண்டி!" என்று அவளே அசந்துபோனாள்.

மாமாவுக்கு என் மேல் கோபம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்தார். அவர் உடம்புக்குத் தகுந்தபடி அப்பா ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்து, அது மேலே ஏறாமலிருக்கக் காலிடுக்கில் ஒரு வாரும் வைத்துக் கொடுத்திருந்தார். மாமா மற்றதையெல்லாம் மாட்டிக்கொண்டு அந்த வாரை மட்டும் பின்னால் தொங்கவிடுவார். "பச்சப்புள்ளைக்கு அரைத்துணி கட்டுற மாதிரி கட்டச் சொல்றியா?" என்பார். அந்த விஷயத்தில் நான் தோற்றுப்போனேன். வாரைப் பற்றி அம்மாவின் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அவர் கொடியை மாட்டாமல் என்ஜின் கைப்பிடியிலேயே சுற்றிவைத்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கயிற்றை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கரையில் ஆலைச் சங்கு ஊதிவிட்டது. ஆட்கள் முணுமுணுத்த பிறகுதான் அவர் மாட்டினார், நானும் விட்டேன். இறங்கும்போது மாமா என்னைத் தனியாக நிறுத்தினார்.

"இங்க பாரு. இனி ஒரு தடவ உன்னால லேட்டாச்சுன்னா, முன்கயிறு உன் கையில இருக்காது. வெல்டர்கிட்ட குடுத்துருவேன். நீ நடுவுல உக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு வா."

அன்று பள்ளிக்கூடத்தில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் மாமாவைப் பிடிபிடியென்று பிடிப்பாள், அவர் கோபித்துக்கொண்டு லாரிக்கே போய்விடுவார், படகு நின்றுவிடும். சொல்லவில்லை. ஆனால் என் கயிறு வெல்டர் கையில் போவதை நினைத்தாலே வயிறு எரிந்தது. அவர் கயிறு கட்டினால் அவிழ்க்கக் கத்தி வேண்டும்.

மறுநாள் காலை நல்ல காற்று. அம்மா மாவுக்கட்டோடு துறையில் வந்து நின்றிருந்தாள். எல்லாரும் ஏறினார்கள். அக்கரை ஆஸ்பத்திரி நர்ஸ் வழக்கம்போலப் பின்வரிசையில், கயிறு கட்டிய மிதவை வளையத்துக்குப் பக்கத்தில். ஆலை கேன்டீனில் சமைக்கும் அக்கா இடப்பக்கம். வெல்டர் வலப்பக்கம். வால் எனக்குப் பின்னால், வாயில் எதையோ மென்றுகொண்டு. மாமா என்ஜினை முடுக்கிவிட்டார்.

"ஜாக்கெட்?"

"போட்டாச்சு" என்றார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டிருந்தது.

"உக்காந்தாச்சா?"

"உக்காந்தாச்சு!"

"மாமா, தொப்புள்கொடி?"

"சரி."

எட்டிப் பார்த்தேன். கொடி கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா என்னை நேராகப் பார்த்தார். நேற்றுச் சொன்னது நினைவிருக்கிறதா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கேன்டீன் அக்கா, "விட்டுத்தொலைடி கண்ணு, அடுப்பு பத்தவைக்கணும்" என்றார்.

கயிறு போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. போனால் போகட்டும், என் கையில் இருக்கிறவரை என் கையில் இருக்கிறது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டியாச்சான்னு கேட்டேன் மாமா."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கொடியைக் கைப்பிடியிலிருந்து உருவினார், மணிக்கட்டில் மாட்டினார், கையைத் தலைக்கு மேலே தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"மாட்டியாச்சு! போதுமா? இதுதான் உனக்குக் கடைசி. நாளைக்கு நீ நடுவுல."

"அவுத்தாச்சு" என்றேன். அழவில்லை.

ஆற்றின் பாதிக்குக்கூடப் போயிருக்க மாட்டோம். மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று எதிரே கடந்து போனது. அதன் அலை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று மாமாவின் தொப்பியைத் தட்டிவிட்டது. அவர் ஓட்டுவதை மறந்து எழுந்து, தொப்பிக்காகக் கையை நீட்டினார். அலை வந்து படகைத் தூக்கியது.

சத்தமே கேட்கவில்லை. அவர் இருந்த இடத்தில் வெறும் பலகை இருந்தது, அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது என்ஜின் நின்றுபோனது. ஆறு முழுக்க ஒரேயடியாக அமைதியாகிவிட்டது.

அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். வெல்டர் பாதி எழுந்துவிட்டார்.

"யாரும் எழுந்திரிக்கக் கூடாது!" என்றேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. "உக்காருங்க!"

"உக்காந்தாச்சு" என்றார் வெல்டர். சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். பயத்திலும் அந்தப் பதில் தானாக வந்தது.

"வால், விரல்!"

சொல்லவே தேவையில்லை. அவள் ஏற்கனவே பலகையில் மண்டியிட்டுக் கையை நீட்டியிருந்தாள், மெல்லுவதைக்கூட நிறுத்தாமல். படகு வந்த வேகத்தில் முன்னால் போய், அலையில் மெதுவாகத் திரும்பியது. அலைகளுக்கு நடுவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விரல் மட்டும் திரும்பிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. அந்த விரல் காட்டிய திசையில் பார்த்தபோதுதான் மாமாவின் மூக்கு தெரிந்தது. மூக்கு மட்டும்தான். வார் கட்டாத ஜாக்கெட் காதுவரை ஏறி முகத்தை மூடியிருந்தது.

எனக்கு உயிரே இல்லை. ஆனால் வாய் பாட்டுக்குப் பேசியது.

"மாமா! என்ஜின் நின்னாச்சு!"

தண்ணீரைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "என்ஜின் நின்னாச்சு!" என்று வந்தது.

"அசையாம மல்லாந்துக்கோ!"

"மல்லாந்தாச்சு!"

"நர்ஸக்கா, வளையம்! உக்காந்துக்கிட்டே வீசுங்க!"

முதல் வீச்சு எட்டவில்லை. நர்ஸ் பதறாமல் கயிற்றைச் சுருட்டி மறுபடி வீசினார். வளையம் மாமாவின் தலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கயிறு அவர் தோளில் கிடந்தது.

"வளையம் வந்துருச்சு மாமா!"

"புடிச்சாச்சு! புடிச்சாச்சு! புடிச்சாச்சு!"

தண்ணீரில் கிடந்தவரை அந்த மனிதர் ஒருமுறைகூட 'சரி' சொல்லவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நர்ஸும் வெல்டரும் வலப்பக்கமாக அவரை இழுத்தார்கள். மற்றவர்களை இடப்பக்கம் சாயச் சொன்னேன். "நான் ஒருத்தி இருக்கேண்டி, படகு அங்கிட்டு இங்கிட்டு நகராது" என்று கேன்டீன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மாமா உள்ளே வந்து விழுந்தார். உதடு நீலமாக இருந்தது. வலது மணிக்கட்டில் சிவப்புக் கொடி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். நின்றுபோன என்ஜினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, விரல எடுக்கலாமா?" என்றாள் வால்.

"எடுக்கலாம்" என்றேன்.

"எடுத்தாச்சு" என்றவள் அப்போதுதான் பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

மாமா எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கொடியின் மறுமுனையை என்ஜினில் மாட்ட மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, சங்கு ஊதியும் யாரும் வாய் திறக்கவில்லை. ஜாக்கெட்டைக் கீழே இழுத்துவிட்டு, அந்த வாரைத் தேடி எடுத்துக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து கட்டினார். நான் கேட்பதற்கு முன்னாலேயே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "கொடி மாட்டியாச்சு. வாரும் கட்டியாச்சு" என்றார். என்ஜினை முடுக்கிப் படகைத் திருப்பினார். வீட்டுப் பக்கம்தான் கிட்டே இருந்தது.

துறையை நெருங்கும்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். முழங்காலளவு தண்ணீரில் நின்றிருந்தாள், மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில், நம்பினால் நம்புங்கள், என் அப்பா. கழுத்தில் அளவு நாடாவோடு, வேட்டி நனைய, அவரும் தண்ணீரில் நின்றிருந்தார். என்ஜின் சத்தம் நின்றதைக் கேட்டு அம்மா போட்ட கூச்சலில் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

நாங்கள் நடு ஆற்றில் இருந்தபோது படகில் ஆட்கள் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், யார் யார் என்று தெரிந்திருக்காது. அவள் தலைகளை எண்ணப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

முன்கயிற்றை அப்பாவை நோக்கி வீசினேன். "அப்பா, கட்டுங்க!"

அப்பா தடுமாறிப் பிடித்தார். கம்பத்தில் ஒருமுறைக்கு இருமுறை சுற்றினார். இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பொறுப்பாக, "கட்டியாச்சு" என்றார்.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "மாமா விழுந்துட்டார்மா. ஆனா ஏறியாச்சு. மாமா ஏறியாச்சு!"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "சரி... சரி... சரி..."

யார் 'சரி' சொன்னாலும் பாய்கிற எனக்கு அன்று நாக்கு எழவில்லை. வாலுக்குத்தான் எழுந்தது. அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, சரின்னு சொல்லக் கூடாது" என்றாள்.

மாமா கொடியை என்ஜினிலிருந்து கழற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச்சொட்ட முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். நிற்கக் கூடாதென்று நினைவு வந்து உட்கார்ந்தார். கொடி மாட்டிய கையை, கிளம்பும்போது எங்களுக்குக் காட்டிய அதே மாதிரி, தலைக்கு மேலே தூக்கி அம்மாவுக்குக் காட்டினார்.

அம்மா அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "என் தம்பி ஏறியாச்சு" என்றாள். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.